கிருட்டிணகிரியின் இறுகிய எலும்புகள்

ஒசூர்ப் பட்டறையில் நாளெல்லாம் நின்று உழைப்பவர் முதுகு பிடித்துக்கொண்டது என்று வந்தால், பழியைத் தொழிலின்மேல் போட்டு வலிமருந்து எழுதித் தருவது எளிது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால், கிருட்டிணகிரி மாவட்டத்துச் சிற்றூரில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தே வளர்ந்தவர், கழுத்தை மட்டும் திருப்ப இயலாமல் உடலோடு சேர்ந்து திரும்புகிறார் என்றால், புளூரைடு எலும்பு நோயையும் ஐயுறத்தான் வேண்டும்.

2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த இம்மாவட்டம் தொன்மையான கடும்பாறைமேல் அமைந்தது. பாறையின் புளூரைடுக் கனிமங்கள், சுண்ணச்சத்துக் குறைந்த காரநீரில் மிகுதியாகக் கரையும். குடிநீரில் புளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர அமைவனம் 1 மில்லிகிராமையே ஏற்புடைய அளவாகக் கொள்கிறது. இந்தியாவில் இந்நோய் முதன்முதல் விரித்துரைக்கப்பட்டதும் அன்றைய சென்னை மாகாணத்தில்தான். 1937-இல் நெல்லூர்ப் பகுதி மக்களிடம் கண்டதைச் சார்ட்டு, பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் எழுதினர்.

உடலுக்குள் சென்ற புளூரைடு, எலும்புப் படிகத்தின் ஐதராக்சில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலும்பாக்கும் உயிரணுக்களையும் தூண்டுகிறது. ஊடுகதிர்ப் படத்தில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். பிணைநார்களிலும் சுண்ணம் படியும். முதுகு விறைக்கும் வேறொரு நோயான முதுகெலும்பு மூட்டழற்சியிலிருந்து இதைப் பிரித்தறிய முன்கையைப் படமெடுப்பது நன்று. அங்குள்ள ஈரெலும்புகளுக்கு இடைப்பட்ட சவ்வு சுண்ணமேறியிருந்தால் ஐயம் பெரிதும் தீரும். முதியோரிடம் சுக்கிலச் சுரப்பிப் புற்று பரவியிருந்தாலும் எலும்பு அடர்ந்து தோன்றும் என்பதை மறக்கலாகாது. குழந்தைகளிடம் நோய் வேறு வடிவம் கொள்ளும். பற்களில் பழுப்புக் கறை, சிலருக்கு முழங்கால்கள் உள்நோக்கி முட்டும் வளைவு.

அடர்ந்த எலும்பு வலிய எலும்பன்று. இதற்கு மருந்தியலே சான்று. எலும்புத் தேய்வுற்ற மூதாட்டியர்க்குச் சோடியம் புளூரைடு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1990-இல் வெளிவந்தது. இடுப்புப்பகுதி முதுகெலும்பின் அடர்த்தி நான்காண்டில் ஏறத்தாழ 35 விழுக்காடு ஏறியது. முதுகெலும்பு முறிவுகளோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பிற எலும்புகளில் முறிவு கூடியது. எண்ணைக் கண்டு மகிழும் மருத்துவத்துக்கு நல்ல சூடு அது.

தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் வலுவிழக்கும்போது அறுவை தேவைப்படும். கல்லென இறுகிய முள்ளெலும்பைத் துளைக்கையில் வெப்பம் மிகும். நீர்பாய்ச்சிக் குளிர்வித்துக்கொண்டே மெல்லச் செல்ல வேண்டும். படிந்த புளூரைடை விரைந்து அகற்றும் மருந்து இல்லை. சுண்ணச்சத்தும் உயிர்ச்சத்து டி-யும் குறைந்திருந்தால் ஈடுசெய்யலாம். வலிமருந்தை அள்ளிக் கொடுப்பது கேடு. புளூரைடை வெளியேற்றுவது சிறுநீரகம்; நெடுநாள் வலிமருந்து அதையே பழுதாக்கக்கூடும்.

ஆகவே உண்மையான மருத்துவம் குழாயில்தான் வரவேண்டும். சப்பானியக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, கர்நாடக எல்லையில் எழுந்த எதிர்ப்பையும் தாண்டி, 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. காவிரி நீர் தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் வருகிறது. எனினும் எலும்பில் படிந்தது பல்லாண்டு தங்கும். புதிய நீர் குடிப்பவரிடமும் பழைய நோய் வெளிப்படலாம். எல்லைப்பகுதி மருத்துவர்கள் நோயாளிக் குறிப்பில் தொழிலை எழுதும்போதே, இளமையில் எவ்வூரில் எந்த நீரைக் குடித்தார் என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.