இரலையும் பிணையும்

பேங்க் நெகாரா மலேசியாவின் சின்னத்தில் காணப்படும் விலங்கு கிஜாங். கிளந்தானின் பழைய பொற்காசுகளோடு தொடர்புடைய உருவம் அது. 2001-இல் அவ்வங்கி வெளியிட்ட பொற்காசுக்கும் கிஜாங் எமாஸ் என்றே பெயர். தமிழ்நாட்டு மலைகளில் இதன் இனத்தைக் கேளையாடு என்பர். பெயரில் ஆடு இருப்பினும் இது மானே. அஞ்சினால் நாயைப் போலக் குரைக்கும்; ஆணுக்குச் சிறு கொம்புகளோடு கோரைப் பற்களும் உண்டு. காட்டோரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் பலர் இதன் குரலைக் கேட்டிருப்பர். இந்த எளிய மான்தான் உயிரியல் அறிஞரைப் பெருவியப்பில் ஆழ்த்தியது.

உயிரணுவின் உட்கருவில், பரம்பரைப் பண்புகளைத் தாங்கி நிற்கும் நுண்ணிய கோல்கள் உள்ளன. அவற்றைக் குரோமோசோம்கள் என்கிறோம். மனிதனுக்கு அவை 46 என்று ஐயமற நிறுவப்பட்டது 1956-இல்தான். அதுவரை 48 என்றே பாடநூல்கள் கூறி வந்தன. சரியான எண்ணைக் கண்டவர்களுள் ஒருவரான ஜோ ஹின் ஜியோ, சாவகத்தில் பிறந்த சீனர். அவரும் ஆல்பர்ட் லெவானும் சுவீடன் நாட்டில் அவ்வாய்வை நிகழ்த்தினர். அதன்பின் உலகின் விலங்குகளையெல்லாம் எண்ணிப் பார்க்கும் ஆர்வம் எழுந்தது. 1970-இல் டோரிஸ் ஊர்ஸ்டர், கர்ட் பெனிர்ஷ்கே ஆகிய இருவரும் இந்தியக் கேளையாட்டின் கணக்கை வெளியிட்டனர். பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. பாலூட்டிகளுள் இதனினும் குறைந்த எண் அறியப்படவில்லை.

எண் குறைந்தால் பரம்பரைச் செய்தியும் குறைந்துவிடுமோ என்று ஐயுறலாம். அவ்வாறன்று. நாற்பது சிறு நூல்களைச் சேர்த்து மூன்று பெருந் தொகுதிகளாகக் கட்டினால் தொகுதிகளின் எண்ணிக்கை குறையும். படிக்க வேண்டிய பக்கங்கள் குறையா. கேளையாட்டின் முன்னோரிடம் தனித்தனியாக இருந்த பல சிறு கோல்கள், காலப்போக்கில் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட கோல்களாயின. இதன் நெருங்கிய உறவான சீனக் கேளையாட்டுக்கு இன்றும் 46 உள்ளன. இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்தினால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தோன்றாது.

ஆணுக்கு ஒன்று மிகுவதற்கும் இவ்வொட்டுதலே காரணம். பாலை உறுதி செய்யும் கோல்கள் இரு வகை: எக்ஸ், ஒய். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். கேளையாட்டில் எக்ஸ் வேறொரு பொதுக் கோலோடு ஒட்டிவிட்டது. பெண்ணிடம் அவ்வாறு ஒட்டிய கோல்கள் இரண்டு. ஆணிடமோ ஒட்டிய கோல் ஒன்று. அதற்கு இணையாகத் தந்தையிடமிருந்து வந்த ஒய் தனியே நிற்கும், ஒட்டாத பொதுக் கோலும் தனியே நிற்கும். பெண்ணிடம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆணிடம் மூன்று இருப்பது இதனால்தான்.

இவ்வியல்பு மானோடு நிற்கவில்லை. மான் வேறு, இரலை வேறு. மானின் கிளைக்கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இரலையின் கொம்பு மாட்டின் கொம்பைப் போல உதிராமல் நிலைப்பது. கிண்டியிலும் கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் வாழும் வெளிமான், பெயரில் மானாயினும் இரலை இனமே. அதன் பெண்ணுக்குப் பொதுவாக 30 குரோமோசோம்கள், ஆணுக்கு 31. கென்யாவின் புல்வெளிகளில் திரியும் கிராண்ட் இரலைக்கும் அப்படியே. அங்கும் எக்ஸ் பொதுக் கோலோடு ஒட்டியிருக்கிறது.

தமிழாசிரியர்களுக்கு இங்கே தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வரும். புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என்றும், பெண்ணுக்குப் பிணை என்றும் பெயர் வகுத்தது அந்நூல். இன்று இரலை என்பது இருபாலுக்கும் பொதுவாக வழங்குகிறது. கருநிறமும் முறுக்கிய கொம்பும் உடைய ஆணையும், பழுப்பு நிறமுடைய, பெரும்பாலும் கொம்பில்லாத பெண்ணையும் கண்டவர்கள் தனிப்பெயர் இட்டதில் வியப்பில்லை. கண்ணுக்குத் தெரிந்த அவ்வேற்றுமை குரோமோசோம் எண்ணிக்கை வரை செல்கிறது என்பது பிற்காலத்தார் கண்டது.

வாழ்க்கை முறையிலும் இவ்வேற்றுமை கடுமையானது. வெளிமானின் ஆண் ஒரு சிறு நிலத்தைத் தனதாக்கிக்கொண்டு பிற ஆண்களை விரட்டும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கையிட்டு எல்லையைக் காட்டும். பிணைகள் கூட்டமாகப் புல் தேடி நகர, ஆண் தன் நிலத்தை விட்டு அகலாது. இவ்வீரத்துக்கு விலை உண்டு. அதை வாங்குவோர் ஒட்டுண்ணிகள். குடற்புழுக்களின் முட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, பொரிந்த இளம்புழுக்கள் அருகிலுள்ள புல்லில் ஏறி நிற்கும். அங்கேயே மேயும் விலங்கு அவற்றையும் விழுங்கும். ஆப்பிரிக்காவின் இம்பாலா இரலையில் நிலங்காக்கும் ஆண், காவலிலேயே கருத்தாக இருப்பதால், பற்களால் தன் மயிரைக் கோதி உண்ணிகளை நீக்கப் போதிய பொழுது பெறுவதில்லை. அதன் உடலில் பெண்ணைவிடப் பன்மடங்கு உண்ணிகள் இருந்ததை ஆய்வாளர் எண்ணிக் காட்டினர்.

காவல் புழுவை மிகுவிக்கிறதா, புழு காவலைக் குறைக்கிறதா? வனெசா எசன்வாவும் அவருடைய துணையாய்வாளரும் கென்யாவில் கிராண்ட் இரலையின் ஆண்களுக்குப் புழு மருந்து கொடுத்துப் பார்த்து, 2016-இல் விடையை வெளியிட்டனர். இரண்டும் உண்மை. புழு நீங்கிய ஆண்கள் நிலங்காப்பதில் முனைந்தன. நிலங்காத்தவற்றுக்குப் புழு மிகுந்தது. ஆகவே எந்த ஆணும் நெடுநாள் ஒரே நிலத்துக்கு மன்னனாக இருப்பது அரிது.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் கண்ட இச்செய்திகளுக்குப் பூச்சோங்கிலும் வேலை உண்டு. அங்குள்ள ஆயர் ஈத்தாம் காடு 1906-இல் ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டபோது 4,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. இன்று எஞ்சியது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். 1996 முதல் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. சாலைகளும் வீடுகளும் சூழ்ந்த இத்தகைய தீவுக் காடுகளில் விலங்குகள் சிறு கூட்டங்களாக ஒடுங்கிவிடும். புது இரத்தம் சேர்க்க வெளியிலிருந்து விலங்குகளைக் கொணரலாமே என்ற யோசனை எங்கும் எழுவதுதான். ஆனால் கிஜாங் என்னும் பெயரை மட்டும் நம்பிச் செய்யக்கூடியதன்று இது. இந்தியக் கேளையாட்டின் கணக்கு 6, 7 என்றால், மலாயாத் தீபகற்பத்துக் கிஜாங்கின் கணக்கு 8, 9. இந்தியக் கேளையாட்டையும் சீனக் கேளையாட்டையும் இணைத்தபோது குட்டிகள் பிறந்தன; ஆனால் அக்குட்டிகளுள் ஆண்களிடம் விந்து முறையாக உருவாகவில்லை என்று சீன அறிஞர் 1980-இல் கண்டனர். பொருந்தாத கோல்கள் உயிரணுப் பிரிவின்போது இணை சேர இயலாமற் போவதே காரணம். அவ்வாறு பிறக்கும் குட்டிகள் கூட்டத்தைப் பெருக்கமாட்டா; இருக்கும் மேய்ச்சலைப் பங்குபோட்டுக் கொள்ளும். வரும் விலங்கு தன் குடற்புழுக்களையும் உடன் கொண்டுவரும். அவற்றுக்குப் பழகாத உள்ளூர் மான்கள் அவற்றை எதிர்க்க வலுவற்றிருக்கக் கூடும்.

இவ்விரண்டையும் முன்னரே அறிய முடியும். சிறிதளவு குருதியெடுத்து, அதன் வெள்ளணுக்களை வளர்த்து, அவை பிரியும் வேளையில் நிறுத்திச் சாயமேற்றினால் குரோமோசோம்களை எண்ணிவிடலாம். புழு முட்டைகளை எண்ணுவதற்கு ஒரு பிடி புழுக்கையும் நுண்ணோக்கியும் போதும்.