உங்கள் கேமரா யார் வாசலைப் பார்க்கிறது?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வீட்டு வாசலில் கேமரா மாட்டலாம் என்று யோசிக்கிறீர்களா? அல்லது எதிர்வீட்டுக் கேமரா நம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறதே என்ற உறுத்தல் இருக்கிறதா? இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான். கேமரா பார்க்கும் இடத்தைச் சுருக்கினால் உங்கள் வீட்டுக்குக் காவலும் கூடும், பக்கத்து வீட்டாரின் நிம்மதியும் கெடாது. எப்படி என்று பார்ப்போம்.

பயப்படுவதில் நியாயம் இருக்கிறதா? இருக்கிறது. 2025 நவம்பரில் ராஜபாளையத்தை அடுத்த தேவதானம் கோயிலில் இரவுக் காவலுக்கு இருந்த இருவர் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தியைக் கேட்டவர்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது. மில் ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்புகிறவர்கள், ஆடிப்பூரத் தேருக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள், வயதான பெற்றோரைத் தனியே விட்டு வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கவலை உண்டு. கேமரா வேண்டும் என்று நினைப்பதில் ஒரு தவறும் இல்லை.

கேமரா இருந்தால் திருடன் வரமாட்டானா? அப்படி நம்பிவிடாதீர்கள். பல நாடுகளில் 40 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்திருந்தது. வண்டி நிறுத்துமிடங்களில் பலன் அதிகம். அடிதடி, வெட்டுக்குத்து போன்றவற்றில் சொல்லும்படியான குறைவு இல்லை. அதனால் நல்ல பூட்டு, வாசலில் ஒரு விளக்கு, ஊருக்குப் போகுமுன் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை, இவை முதலில். கேமரா அதற்குப் பிறகு.

அப்படியானால் கேமரா எதற்கு? நடந்தபின் ஆளை அடையாளம் காண்பதற்கு. அதற்கு முகம் தெரிய வேண்டும், வண்டி எண் தெரிய வேண்டும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வீடுகளுக்கு வழக்கமாக மாட்டுவது 2 மெகாபிக்சல் கேமரா, 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். இந்த லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும். உங்கள் கேட், எதிர்வீட்டுத் திண்ணை, தெருமுனைக் கடை எல்லாம் ஒரே படத்தில் வந்துவிடும். பார்க்கிற உங்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் ஒருவர் முகத்தைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காண அவர் கேமராவிலிருந்து ஏறக்குறைய 10 அடிக்குள் நிற்க வேண்டும். தெரிந்தவராக இருந்தால் 20 அடி வரை கண்டுகொள்ளலாம். அதற்கு அப்பால் சட்டை நிறமும் நடையும்தான் தெரியும். இரவில் அதுவும் மங்கும்.

தெரு முழுவதையும் பிடிக்கும் கேமராவால் திருடன் முகத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் எதிர்வீட்டுப் பெண் எத்தனை மணிக்குக் கோலம் போட்டாள், யாருடன் பேசினாள், மில் வேன் அவளை எப்போது இறக்கிவிட்டது என்பதெல்லாம் பதிவாகிவிடும். முகம் தெரியாவிட்டாலும் அந்த வாசலில் நிற்பது யார் என்று தெருவுக்கே தெரியுமே. அப்படியானால் அந்தக் கேமராவால் யாருக்கு லாபம்?

எப்படி மாட்டச் சொல்வது? கேட்டில் கை வைக்கிறவர் முகம் நேராக விழும்படி, எட்டு அல்லது ஒன்பது அடி உயரத்தில், கொஞ்சம் கீழ்நோக்கி. மொட்டை மாடி மூலையில் வைத்தால் தலைமுடிதான் தெரியும். வாசலுக்கும் கேமராவுக்கும் இடைவெளி அதிகமென்றால் 6 மில்லிமீட்டர் லென்ஸ் கேளுங்கள். அது குறுகலாகப் பார்க்கும், முகத்தைப் பெரிதாகக் காட்டும்.

எதிர்வீட்டு ஜன்னல் எப்படித் திருப்பினாலும் படத்தில் விழுகிறதே, என்ன செய்வது? தெரு குறுகலான இடங்களில் இது நடக்கும். பெரும்பாலான கருவிகளில் பிரைவசி மாஸ்க் (படத்தில் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி) இருக்கிறது. மாட்ட வருகிறவர் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள் கேட்டால் சில நிமிடங்களில் செய்து கொடுத்துவிடுவார். பிறகு எதிர்வீட்டாரைக் கூப்பிட்டு உங்கள் போனில் படத்தைக் காட்டுங்கள். “அக்கா, பாருங்க, உங்க வாசல் இதுல தெரியாது” என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை பல வருடப் புகைச்சலைத் தவிர்க்கும்.

ஒலிப்பதிவு வேண்டுமா? வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திண்ணைப் பேச்சு உங்களுக்குச் சொந்தமானதல்ல. இங்கிலாந்தில் ஒருவர் மாட்டிய கதவுமணிக் கேமரா பற்றி 2021-ல் ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, படத்தைவிட ஒலியைத்தான் கடுமையாகக் கண்டித்தது. அக்கம்பக்கப் பேச்சு வெகுதூரத்திலிருந்தும் அதில் பதிவாகிக்கொண்டிருந்தது.

பதிவு எங்கே இருக்கும்? டிவிஆர் (கேமராப் படங்களைச் சேமிக்கும் பெட்டி) உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கில். டிவி ஸ்டாண்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி அதை வைக்காதீர்கள். வந்தவன் அதையும் தூக்கிக்கொண்டு போனால் கேமரா வைத்தும் பயனில்லை. பீரோவுக்குள்ளோ பரண்மேலோ காற்றோட்டமான இடத்தில் பூட்டி வையுங்கள்.

பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் இருந்த கேமராவின் பதிவுகள் இணையத்தில் பரவியது தெரியவந்து நாடே அதிர்ந்தது. எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு மாற்றப்படாமல் கிடந்ததே வாசலைத் திறந்துவிட்டது. உங்கள் கேமராவை மாட்டியவரின் போனில் உங்கள் வீட்டுப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அவர் போன பிறகு நீங்களே புது பாஸ்வேர்டு வையுங்கள். படுக்கையறை, குளியலறைப் பக்கம் எந்த நிலையிலும் கேமரா வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறிய மாடல்தானா? 2025 ஏப்ரல் 9 முதல் அது கட்டாயம்.

இப்போது மறுபக்கம். எதிர்வீட்டுக் கேமரா உங்களைப் பார்க்கிறது. “தப்புப் பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. ராஜபாளையம் நாய் வாசலில் நின்று குரைக்கும். ஆள் போனதும் விட்டுவிடும். யார் வீட்டுக்கு யார் எத்தனை முறை வந்தார்கள் என்று அது கணக்கு வைப்பதில்லை. கேமரா வைக்கும். வரன் பார்க்க வந்தவர்கள், கடன் கேட்டு வந்தவர், கணவரோடு சண்டை போட்டுவிட்டு வந்து நிற்கும் மகள், இவர்களைப் பற்றி யாருக்குச் சொல்வது என்பது உங்கள் உரிமை.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்த கொல்கத்தாச் சகோதரர்களின் வழக்கில், மற்றவர் சம்மதமில்லாமல் அவர் வசிக்கும் பகுதியைப் பார்க்கும் கேமராக்கள் கூடாது என்று 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அண்ணன் தம்பி ஒரே வீட்டில் பாகம் பிரித்து வாழும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம்.

குளிப்பது, உடை மாற்றுவது போன்ற தருணத்தில் ஒரு பெண்ணைப் பார்ப்பதோ படம் பிடிப்பதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் (2024 ஜூலையில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டம்) 77-ஆம் பிரிவில் குற்றம். முதல்முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. கொல்லைப்புறக் குளியலறை மேலே திறந்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அதைப் பார்க்கும்படி ஒரு கேமரா நின்றால் தாமதிக்காமல் புகார் கொடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவாதா? வீட்டுக் கேமரா விஷயத்தில் அதிகம் உதவாது. சொந்த, வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டை அது விட்டுவிடுகிறது. கடை, அபார்ட்மெண்ட், சங்கம் வைக்கும் கேமராவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அவர்களுக்கான முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன.

நடைமுறையில் என்ன செய்யலாம்? முதலில் பேசுங்கள், கோபம் ஆறியபின். “உங்க கேமராவுல எங்க ஜன்னல் விழுதா, ஒரு தடவை காட்டுங்கண்ணே” என்று கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். பலருக்குத் தங்கள் கேமரா எதைப் பார்க்கிறது என்பதே தெரியாது, மாட்டியவர் திருப்பிய பக்கம் அது நிற்கும். கேட்கவில்லையென்றால் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் காவல் நிலையம், பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு. கேமராவை உடைப்பது, வயரை அறுப்பது மட்டும் வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

தெருக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு முனையில் கேமரா வைக்கிறார்களே, அது நல்லதா? நல்லதுதான். ஒவ்வொரு வீட்டுக் கேமராவும் தெருவை மேய்வதைவிட, தெருவின் இரு முனையில் இரண்டு நல்ல கேமரா போதும். ஆனால் பணம் வாங்குமுன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? எத்தனை நாளில் பதிவு அழியும்? யார் எதற்காகப் பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதப்படுமா? சங்க உறுப்பினர் எல்லோர் போனிலும் நேரலை ஓடினால் அது காவல் ஆகாது, வேடிக்கை ஆகிவிடும். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிக்கிறவர் கையில் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

சந்தேகப்படும்படி ஒருவர் பதிவில் தெரிந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா? தயவுசெய்து போடாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தை கடத்தும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றது. நம் தெருவில் போர்வை விற்க வருகிற வடநாட்டுப் பையனும் பழைய பேப்பர் எடுக்க வருகிறவரும் உங்கள் கேமராவில் தினமும் விழுகிறார்கள். பதிவு போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

போலீசார் பதிவு கேட்டால் கொடுக்க வேண்டுமா? விசாரணைக்குத் தேவையென்றால் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துபூர்வமாகக் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது. கொடுங்கள். எந்த நாள், எந்த நேரத்துப் பதிவு என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நீங்களும் ஒரு பிரதி வைத்திருங்கள். வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, இது இந்தக் கருவியில் பதிவானது என்று ஒரு சான்று கேட்பார்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. டிவிஆர் கடிகாரம் தவறான நேரம் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

உங்களிடம் இருக்கும் பிரதி ஏன் முக்கியம்? தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சாத்தான்குளம் நினைவிருக்கும். 2020 ஜூன் 19 அன்று கடைத்தெருவில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் தரையில் உருண்டு காயப்பட்டதாகப் போலீஸ் எழுதியது. அக்கம்பக்கக் கடைக் கேமராவில் அப்படி எதுவும் இல்லை. காவல் நிலையக் கேமராவோ தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட்டின் அறிக்கை வெளிக்கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான், காவல் நிலையப் பதிவுகள் 18 மாதம் இருக்க வேண்டும், எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

உங்கள் டிவிஆரில் அவ்வளவு காலம் தங்காது. நான்கு கேமரா, 1 டிபி ஹார்டு டிஸ்க் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். அயலாரின் அன்றாடம் தேங்காமல் அழிவது நல்லதுதான். ஆனால் தெருவில் ஏதாவது நடந்தால் அன்றைக்கே அந்த அரைமணி நேரத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்து, கவரில் போட்டு, தேதி எழுதி வையுங்கள்.