முப்பது நாள் அவகாசம்
அமெரிக்க முதியோர் இல்லங்கள் நினைத்தபடி நோயாளியை வெளியே அனுப்ப முடியாது. ஆனால் உரிமை இருப்பது தெரிந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

2016 ஜனவரியில் இண்டியானா மாநிலத்தில் அரசுக்குச் சொந்தமான பராமரிப்பு இல்லம் ஒன்றில் சேர்ந்தபோது கோர்கி டலெவ்ஸ்கியால் நடக்க முடிந்தது, தானே சாப்பிட முடிந்தது. மறதி நோய்தான் பிரச்சினை. சில மாதங்களில் அவருக்கு ஆங்கிலம் மறந்துபோனது. மிஞ்சியது தாய்மொழியான மாசிடோனியன் மட்டுமே. காரணம் நோயல்ல, இல்லத்தில் கொடுத்த ஆறு மனநோய் மருந்துகள் என்பது குடும்பத்தின் புகார். ஆண்டு இறுதியில் இல்லம் அவரை வேறு ஊருக்கே நிரந்தரமாக மாற்ற முயன்றது. மனைவியின் சம்மதம் கேட்கவில்லை.

இப்படி நடக்கக் கூடாது என்றுதான் 1987இல் சட்டம் வந்தது. அரசின் மெடிகேர், மெடிகெய்ட் திட்டங்களில் பணம் பெறும் இல்லங்கள் ஆறே காரணங்களுக்காகத்தான் ஒருவரை வெளியேற்றலாம்: தேவையான கவனிப்பைத் தர முடியாதது, உடல்நலம் தேறியது, மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து, அவர்கள் ஆரோக்கியத்துக்கு ஆபத்து, கட்டண பாக்கி, இல்லமே மூடப்படுவது. பொதுவாக 30 நாள் முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். காரணம், தேதி, போகுமிடம், அப்பீல் செய்யும் வழி எல்லாம் அதில் இருக்க வேண்டும். முதியோருக்காக வாதாடும் ஆம்புட்ஸ்மனுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அப்பீல் முடியும் வரை, யாருக்கும் ஆபத்து இல்லையென்றால், அவரை அசைக்க முடியாது.

பிறகு ஏன் துரத்துகிறார்கள்? பணம். ஒரு நோய்க்கு அதிகபட்சம் 100 நாள் வரை மெடிகேர் தாராளமாகத் தருகிறது. அதன் பின் ஏழைகளுக்கான மெடிகெய்ட் தருவது குறைவு. எனவே எளிய வழி, நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, "இடமில்லை" என்று கதவை மூடுவது. மெடிகெய்டில் இருப்பவருக்கு, காலியாகும் முதல் படுக்கையைத் தந்தாக வேண்டும் என்கிறது சட்டம். மெடிகெய்ட் மனு பரிசீலனையில் இருக்கும்போது கட்டண பாக்கி என்றும் சொல்ல முடியாது.

டலெவ்ஸ்கி குடும்பம் விடவில்லை. 2023 ஜூன் 8 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: உரிமை மீறப்பட்டால் அரசு இல்லங்கள் மீது நோயாளி நேரடியாக வழக்குத் தொடரலாம். தனியார் இல்லங்களில் இருப்போருக்கு இன்றும் முதல் துணை அப்பீலும் ஆம்புட்ஸ்மனும்தான்.

தீர்ப்பைக் கேட்க டலெவ்ஸ்கி இல்லை. 2021இலேயே இறந்துவிட்டார். "நாளைக்கே அழைத்துப் போங்கள்" என்று இல்லம் சொன்னால் மற்ற குடும்பங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: நோட்டீஸ் எங்கே?