ஷெஃபீல்டு மடக்குச் சவரக்கத்தி
இங்கிலாந்து, 19ஆம் நூற்றாண்டு
எஃகு அலகு, கொம்புப் பிடி

1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் எஃகை மூசையில் உருக்கி வார்க்கும் முறையை ஷெஃபீல்டு அருகே உருவாக்கினார். மாசு குறைந்த அந்த எஃகு, முடியை இழுக்காமல் மழிக்கும் மெல்லிய கூரைத் தாங்கியது. ஷெஃபீல்டு கத்திகள் உலகெங்கும் விலைபோயின.

அலகின் தடித்த முதுகைப் பாருங்கள். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிகின்றன. தீட்டும் கோணத்தைக் கை தேட வேண்டியதில்லை. கத்தியைச் செய்தவரே அதை அலகில் அமைத்துவிட்டார். இந்தக் கருவியின் மிக அழகான நுட்பம் இதுதான். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்யூல் கல், நுண்ணிய கார்னெட் மணிகள் நிறைந்தது; சவரக்கத்தி தீட்டுவதற்குப் பெயர்பெற்றது. கல்லில் வாய் முன்னே செல்லும். சவரத்துக்கு முன் தோல்வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே செல்ல வேண்டும். இல்லையெனில் வார் அறுபடும்.

பிடிக்குள் செல்லும் எஃகுத் தண்டில் செய்தவரின் முத்திரை இருக்கும். அதனுடன் நாட்டின் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தால், கத்தி பெரும்பாலும் 1890க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் அந்த ஆண்டில் விதித்தது.

1903இல் ஜில்லெட் பிளேடு விற்பனைக்கு வந்தபின் வீடுகளில் மடக்குச் சவரக்கத்தியின் புழக்கம் குறைந்தது. ஆனாலும் பழைய கத்திகளைத் தேடி வாங்கித் தீட்டி, நிதானமாகச் சவரம் செய்து மகிழ்வோர் இன்றும் உள்ளனர். துரு ஆழமாக அரிக்காத அலகு, நூறாண்டு கடந்தும் மீண்டும் கூர் பெறும்.