கொங்குத் தறிகள் – 9: மேஜை ஏறிய பந்திப்பாய்

போன வாரம் சென்னிமலையில் இருந்தோம். 1941-இல் எம்.பி. நாச்சிமுத்து நெசவாளர்களைக் கூட்டிச் சேர்த்து உருவாக்கிய சென்டெக்ஸ் சங்கத்தின் பெட்ஷீட்டைத் தொட்டுப் பார்த்தோம். இந்த வாரம் கரூர். வருவாய்த் துறைக் கணக்கில் அது 1910-இல் கோயமுத்தூர் ஜில்லாவை விட்டுத் திருச்சியோடு சேர்ந்தது. 1995-இல் தனி மாவட்டமானது. தறிக் கணக்கில் கொங்கு நாட்டை விட்டு அது எங்கும் போகவில்லை.

நம் வீட்டு விருந்துக்குத் தரையில் பந்திப்பாய், முன்னால் தலைவாழை இலை. சாப்பிட்டு எழுந்தால் இலையை எடுத்துப் போட்டுவிடலாம், துவைக்க ஒன்றுமில்லை. இப்படி உண்ட ஊர்தான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் மேஜை விரிப்பு, நாப்கின், தட்டுக்கு அடியில் போடும் மேட், மேஜை நடுவில் நீளவாக்கில் கிடக்கும் ரன்னர் என்று நெய்து அனுப்புகிறது. தாங்கள் விரித்துச் சாப்பிடாத துணியில் இவ்வளவு நுணுக்கம் கற்றார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கரூரில் செங்குந்தபுரத்துப் பக்கம் விசாரித்தால் குடும்பக் கம்பெனிகளின் கதை இதுதான். தாத்தா கைத்தறியில் உட்கார்ந்தவர். அப்பா விசைத்தறி போட்டவர். பேரன் ஜனவரி பிறந்தால் ஃபிராங்ஃபர்ட்டுக்கு விமானம் ஏறி, 1971-இல் தொடங்கிய ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் சாம்பிள் விரிக்கிறார்.

ஒரு மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 33, நீளம் 48 சென்டிமீட்டர். ஒரு கைக்குட்டையைவிடச் சற்றே பெரிது. ஆனால் பருத்தி சுருங்கும். நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே நீளத்தில் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் போய்விடும். அதைக் கணக்குப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் ஊடை. பாவுக்குக் குறுக்கே நேராக ஓட வேண்டிய ஊடைநூல், துணியை நனைத்து இழுத்து உலர்த்தும்போது சாய்ந்துவிடும். சாய்ந்த துணியை அளவுகோல் வைத்துச் சரியாகவே வெட்டித் தைத்தாலும், முதல் சலவையில் நூல் தன் இடத்துக்குத் திரும்பும், மேட் கோணிக்கொள்ளும். சேலையில் யார் கண்ணுக்கும் படாத சாய்வு இது. ஒரே மேஜையில் ஆறு மேட் வரிசையாகக் கிடக்கும்போது குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

பிறகு மூலை. இரண்டு ஓர மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அங்கே துணி தடித்து, தட்டின் விளிம்பு ஆடும். மூலையைச் சாய்வாக மடித்து, மிஞ்சிய துணியை வெட்டி, இரண்டு மடிப்பும் ஒரு கோட்டில் சந்திக்கும்படி தைக்கிறார்கள் தையல் மேஜைப் பெண்கள். “மூலை நிக்கோணும்” என்பதுதான் அங்கே பேச்சு. பிசிறு வெட்டி, செக்கிங் முடிந்து, அயர்ன் செய்த மேட்டுகளை அடுக்கித் தரும்போது நான்கு மூலைகளும் ஒரே செங்குத்தில் நிற்கின்றன. அந்த அடுக்கின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை.

அந்தத் துணிக்கு நிறம் வந்தது சாயப்பட்டறையில். அங்கிருந்து வெளியேறிய தண்ணீர் அமராவதியை என்ன செய்தது என்பதை அடுத்த வாரம் ஆற்றங்கரையில் நின்று பார்ப்போம்.