மிச்ச மின்சாரத்தை எங்கே கொட்டுவது?

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடுத்த கிராமத்தில் ஓடைத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்களாம். அந்த மெஷின் அறையில் ஒரு ஹீட்டர் விடிய விடியச் சுட்டுக்கொண்டே கிடக்கிறதாம். ‘இப்படி வீணாக்குவதற்குச் சூரியத் தகடே போட்டுவிடலாமே?’ என்று கேட்கிறார். சிறு நீர்மின்சாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்த ஹீட்டர்தான். ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

டர்பைன் சுழல்வதும் கரண்ட் வருவதும் எல்லாருக்கும் தெரிந்ததே. கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். வினாடிக்கு 10 லீட்டர் தண்ணீர் 50 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கினால், அதில் ஏறத்தாழ 5 கிலோவாட் சக்தி இருக்கிறது. உராய்விலும் இயந்திரத்திலும் போனது போக, பாதி கைக்கு வரும். வீட்டுக்கு 100 வாட் என்றால் 25 வீடுகளுக்குப் பங்கு வைக்கலாம்.

இனி அந்த ஹீட்டர். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஓடுகின்றன. பத்து மணிக்குமேல் ஒவ்வொன்றாக அணைகின்றன. ஆனால் ஓடை உறங்குவதில்லை, அதே வேகத்தில் டர்பைனைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்துச் சித்திரை விளையாட்டில் கயிறு இழுத்த எனக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். எதிர்ப்பக்கம் சட்டென்று கயிற்றை விட்டால் நம் பலமே நம்மைத் தூக்கி எறிந்துவிடும். சுமை இழந்த டர்பைனும் அப்படித்தான். தறிகெட்டுச் சுழலும், மின்னழுத்தம் ஏறும், எரிகிற மிச்ச பல்புகளும் கருகும்.

பெரிய மின்நிலையங்களில் இதற்குத் தண்ணீரையே கூட்டிக் குறைக்கும் கருவி உண்டு. இவ்வளவு சிறிய மெஷினுக்கு அதைப் பொருத்தினால் மெஷினைவிடக் கருவிக்குச் செலவு அதிகமாகும். அதனால் பொறியியலாளர்கள் வேறு வழி கண்டார்கள். தண்ணீரைத் தொடாமல், ஊர் வேண்டாம் என்று விட்ட மின்சாரத்தை அப்படியே ஹீட்டருக்குத் திருப்பிவிடுகிறது ஒரு சின்ன மின்னணுப் பெட்டி. மாலை ஏழு மணிக்கு ஹீட்டர் ஆறிக் கிடக்கும், நள்ளிரவில் கொதிக்கும். ஊரும் ஹீட்டரும் சேர்ந்து எடுக்கும் மொத்தம் எப்போதும் ஒன்றே. ஒருவர் சுவிட்சைத் தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கணக்குச் சரியாகிவிடும். ‘வீண்’ என்று அந்த ஹீட்டரைக் கழற்றினால் அன்றிரவே ஊர் பல்புகள் போய்விடும்.

சூரியத் தகட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. யாரும் எடுக்காவிட்டால் வெயிலில் சும்மா கிடக்கும். ஆனால் ஏராளமான கூரைகள் தேசிய மின்தொகுப்போடு சேரும்போது, மிச்சத்தை எங்கே கொட்டுவது என்ற அதே கேள்வி பெரிதாகி வருகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்திருந்த பகல் வேளைகளில் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டது. ஓடைக்கரை மெஷின் அறையில் எப்போதோ விடை கண்ட சிக்கல் அது.

நீங்கள் இருக்கும் சப்பிரகமுவவுக்கு நீர்மின்சாரம் புதிதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே தோட்டத்து ஸ்டோர்கள் பல சொந்த டர்பைனில் ஓடின. 1950இல் லக்ஷபான நிலையம் தொடங்கி, பிறகு தேசிய லைன் மலையேறியதும் அவற்றைக் கைவிட்டார்கள். 1980களில், பொருளியலாளர் ஷூமாக்கர் 1966இல் தொடங்கிய தொண்டு நிறுவனம் அவற்றில் சிலவற்றைத் திருத்தி ஓட்டியது. அந்த அனுபவம் கிராமங்களுக்குப் போனது. 1997இல் தொடங்கிய உலக வங்கித் திட்டமும் அதன் தொடர்ச்சியும் சேர்ந்து 200க்கு மேற்பட்ட கிராம நீர்மின் திட்டங்களுக்குக் கைகொடுத்தன. அவற்றில் பெரும்பகுதி கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில். மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, சிரமதானத்தில் வாய்க்கால் வெட்டி, மாதப் பணம் கட்டி அந்த மக்களே நடத்தினார்கள். பின்னர் லைன் கரண்ட் வந்ததும் பல சங்கங்கள் கலைந்தன, குழாய்கள் துருப்பிடித்தன. 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணிநேரம் நாடு இருளில் கிடந்தபோதுதான் கைவிட்டதன் அருமை தெரிந்தது.

இந்தக் கதையில் லயத்து மக்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்ப்பவர்களாகவே நின்றது எனக்குத் தீராத மனக்குறை. ஓடை லயத்தை ஒட்டி ஓடினாலும் நிலமும் வாய்க்காலும் கம்பெனி கையில். உரிமை இல்லாத இடத்தில் சங்கம் எப்படி எழும்?

வாசகரே, தண்ணீரா வெயிலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஓடை மெலியும் தை, மாசியில் வெயில் தாராளம். இரண்டையும் ஒரு பேட்டரியில் சேர்க்கலாம். நள்ளிரவு மிச்சத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால் காலையில் பிள்ளைமடுவத்துக்கு வெந்நீர் கிடைக்கும். தொட்டி வற்றினால் வேலையை ஏற்க இன்னொரு ஹீட்டர் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும். ஐந்தாறு வாட்டில் ஓடும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் பாடநூல்களையும் காணொளிகளையும் ஏற்றி வைத்தால், சிக்னல் எட்டாத டிவிஷன் பிள்ளைகளும் படிக்கலாம்.

இதற்கெல்லாம் முதல் வேலை ஒன்று உண்டு. உங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் பழைய குழாயோ டர்பைனோ கிடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கிடந்தால், இரும்பு விலைக்கு அது போவதற்குள் ஆட்களைக் கூட்டி, சங்கமாக நின்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.