கவுட் நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் என்ன இருக்க வேண்டும்?

மூட்டு வீங்கி வலிக்கும் கவுட் நோய் என்று தெரிந்தவுடன் நோயாளி கையில் கொடுக்கப்படும் தாளைப் பாருங்கள். ஆட்டுக்கறி கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது, கீரை கூடாது, காளான் கூடாது என்று மேலிருந்து கீழ்வரை பெரும்பாலும் பத்தியப் பட்டியல்தான். மாத்திரையைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். படிப்பவர் மனதில் என்ன பதியும்? வாயைக் கட்டாததால் வந்த நோய், வாயைக் கட்டினால் போய்விடும். இந்த எண்ணம்தான் பலரை ஆண்டுக்கணக்கில் வலியில் வைத்திருக்கிறது.

கவுட்டுக்குக் காரணம் ரத்தத்தில் மிகுந்துபோகும் யூரிக் அமிலம். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. கவுட் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த வேலை மந்தமாக நடக்கிறது. பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. கடுமையாகப் பத்தியம் இருந்தாலும் ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம் குறைந்தால் பெரிது. 9-ல் இருப்பவர் 8-க்கு வருவார். அவர் வர வேண்டிய இடமோ 6-க்குக் கீழே.

தாளின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இந்த 6 இருக்க வேண்டும். ஏன் 6 என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். உப்பளத்துப் பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட உப்பு படிவதுபோல, ரத்தத்தில் யூரிக் அமிலம் 6.8-ஐத் தாண்டினால் மூட்டில் ஊசி ஊசியாகப் படிகங்கள் சேரும். 6-க்குக் கீழே வைத்திருந்தால் சேர்ந்ததும் மெல்லக் கரையும்.

விளக்கிச் சொல்வதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, 2018-ல் லான்செட் இதழில் வந்த நாட்டிங்ஹாம் ஆய்வு பதில் சொல்கிறது. 517 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் குடும்ப மருத்துவரின் வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் உட்கார்ந்து நோயை விளக்கினார்கள், சந்தேகங்களைக் கேட்டார்கள், மாத்திரை அளவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். 2 ஆண்டு முடிவில் செவிலியர் பிரிவில் 95 சதவீதம் பேர் இலக்குக்கு வந்திருந்தார்கள். மற்ற பிரிவில் 30 சதவீதம். புது மருந்து எதுவும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தது 1960-களிலிருந்து இருந்துவரும், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால்தான்.

நோயாளி எந்த இடத்தில் மாத்திரையை நிறுத்துகிறார் என்பதை அறிந்து எழுதுகிற தாள்தான் உதவும். முதலாவது, வலி போனவுடன். இரண்டாவது, மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் பெருவிரல் மறுபடி வீங்கும்போது. ‘மருந்து ஒத்துக்கல’ என்று அவரே முடிவு கட்டிவிடுவார். இதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்: “முதல் சில மாதங்களில் வலி மீண்டும் வரலாம். பழைய படிகங்கள் கரையும்போது அப்படி ஆகும். யூரிக் அமில மாத்திரையை நிறுத்தாதீர்கள்.” இந்த மூன்று வாக்கியங்களுக்காகப் பத்தியப் பட்டியலில் பாதியை வெட்டலாம்.

அந்த மாதங்களில் வலியைத் தடுக்க, பலருக்கு 3 முதல் 6 மாதம் வரை கால்ச்சிசின் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பார்கள். திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கின் விதையிலிருந்தும் எடுக்கப்படும் மருந்து இது. செங்காந்தள் என்று நாம் மாநில மலராக வைத்திருக்கும் அதே கொடி. இதைத் தாளில் சேர்த்தால் கூடவே எச்சரிக்கையும் வேண்டும்: கிழங்கையோ விதையையோ வீட்டில் அரைத்துச் சாப்பிட்டால் உயிர் போகும்.

மற்ற எச்சரிக்கைகளையும் சுற்றி வளைக்காமல் எழுதலாம். அலோபியூரினால் சாப்பிடும்போது தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

சாப்பாட்டுக்கும் இடம் உண்டு. ஆனால் ‘பியூரின் மிகுந்த உணவுகள்’ என்றால் யாருக்குப் புரியும்? பீர், மற்ற மது வகைகள், பாட்டில் குளிர்பானம், ஈரல், ஆட்டுக்கறி, நெத்திலி, மத்தி என்று பெயர் சொல்லிக் குறைக்கச் சொல்ல வேண்டும். பருப்பையும் கீரையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். 2004-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், பியூரின் உள்ள காய்கறிகளாலும் பருப்பு வகைகளாலும் கவுட் கூடவில்லை. சைவம் சாப்பிடும் ஒருவரிடம் சாம்பாரையும் பிடுங்கிக்கொண்டால் அவர் புரதத்துக்கு எங்கே போவார்?

அச்சுக்குப் போகும் முன் இந்தத் தாளை நாலைந்து நோயாளிகளிடம் கொடுத்து, படித்ததை அவரவர் வார்த்தையில் சொல்லச் சொல்ல வேண்டும். ‘வலி வந்தா மாத்திரையை நிறுத்தணும்’ என்று ஒருவர் சொன்னாலும் அந்தப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு இதையே வாட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்பலாம்.

தாளின் அடியில் மூன்று கட்டங்கள் போதும்: தேதி, யூரிக் அமில அளவு, மாத்திரை அளவு. ஒவ்வொரு முறையும் நோயாளியே எழுதட்டும். எண் 6-க்கு மேலேயே நின்றால், ‘டோஸைக் கூட்டணுமா டாக்டர்?’ என்று தாளை நீட்டி அவரே கேட்கலாம்.